குற்றமற்றவருக்கு மட்டும்தானா நீதி?

கௌபாய் படங்கள் என்று நாம் சொல்லும் அமெரிக்க மேற்கத்தியப் படங்களில் சலிக்காமல் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு. இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவன் ஊருக்குள் வருகிறான். யாரோ செய்த கொலையோ மாட்டுத் திருட்டோ அவன் தலையில் வந்து விழுகிறது. ஊரே திரண்டு துரத்துகிறது. கடைசி ரீலில் உண்மைக் குற்றவாளி அகப்படுகிறான், நாயகன் குதிரையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். தமிழ் ரசிகர்களுக்கு இது அந்நியமான சரக்கு இல்லை. இயக்குநர் கர்ணனும் ஜெய்சங்கரும் 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) என்று தமிழிலேயே குதிரை ஓட்டித் துப்பாக்கி சுழற்றிக் காட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே 1954-ல், நாமக்கல் கவிஞரின் நாவலை வைத்து எடுத்த 'மலைக்கள்ளன்' படத்தில், செய்யாத குற்றங்களையும் சுமக்கும் மலைவாசியாக எம்.ஜி.ஆர். நம் மனதில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கதைகள் தரும் நிம்மதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அவன் அதைச் செய்யவில்லை என்பது நமக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் அவன் மேல் விழும் ஒவ்வொரு அடியும் நமக்கு வலிக்கும். ஒருவேளை அவன் செய்திருந்தால்? அந்தக் கேள்வியைக் கேட்க இந்தக் கதைகள் நம்மைப் பழக்கவில்லை. அந்தப் பழக்கக்குறைவு திரையரங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தருமபுரி மாவட்டத்தின் கடந்த முப்பது ஆண்டு வரலாறு, அது நிற்கவில்லை என்று சொல்கிறது.

முதலில் இரண்டு படங்கள். 1943-ல் வில்லியம் வெல்மன் இயக்கி ஹென்றி ஃபோண்டா நடித்த 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்', 1885-ன் நெவாடாவில் நடப்பது. பண்ணைக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வருகிறது. ஷெரிஃப் ஊரில் இல்லை. அவருடைய உதவியாளர், தனக்கு இல்லாத அதிகாரத்தை வைத்துக்கொண்டு, கூடியிருந்த ஆட்களுக்குச் சத்தியம் செய்து வைத்து அனுப்புகிறார். பழைய ராணுவச் சீருடையை மாட்டிக்கொண்ட ஒருவர் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கிறார். மலைக்கணவாயில் மூன்று பேர் சிக்குகிறார்கள். அவர்களிடம் மாடுகள் இருக்கின்றன, வாங்கியதற்கு ரசீது இல்லை. அவ்வளவுதான் சாட்சியம். மூவரையும் விசாரணைக்கு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஏழு பேர் மட்டும் சொல்கிறார்கள். பொழுது விடிந்ததும் மரத்தில் தொங்கவிட்டுவிட்டுத் திரும்புகையில் எதிரே ஷெரிஃப் வருகிறார். பண்ணைக்காரர் சாகவே இல்லை, சுட்டவர்களும் பிடிபட்டுவிட்டார்கள். இரண்டாவது படம், 1968-ல் வந்த 'ஹேங் 'எம் ஹை'. கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கும் அதே மாட்டுத் திருட்டுப் பழி, அதே தூக்கு. அவரிடம் ரசீது இருந்தும் ஒன்பது பேர் நம்பவில்லை. ஆனால் அவர் பிழைத்துக்கொள்கிறார். நீதிபதி அவரைக் கூப்பிட்டு மார்பில் பதக்கம் குத்தி, அந்த ஒன்பது பேரைத் தேடிப் பிடிக்கும் வேலையைக் கொடுக்கிறார். முதல் படம் வசூலில் தோற்றது, இரண்டாவது ஓடியது. அதில் வியக்க ஒன்றுமில்லை.

மாடு பிடிக்கும் கதையைக் கேட்டுத் தருமபுரிக்காரர்கள் நெவாடாவைப் பார்த்து வாய் பிளக்கத் தேவையில்லை என்பதையும் இடையில் சொல்லிவிடலாம். தகடூர் நாடும் அதை ஒட்டிய செங்கம் பகுதியும் நடுகற்களுக்குப் பேர்போனவை. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள், கவரப் போய்ச் செத்தவனுக்கும் நட்டிருக்கிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட கற்களை வரிசையாகப் பார்க்கலாம். இரண்டு தரப்புக்கும் மரியாதை செய்யத் தெரிந்திருந்த மண் இது. ஒரே குறை, அந்த மரியாதை ஆயுதம் ஏந்தியவனுக்கு மட்டுமே கிடைத்தது.

இனி வாச்சாத்திக்கு வருவோம். அரூரிலிருந்து போனால் சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்வது. சுற்றியிருந்த மலையில் சந்தனம் விளைந்தது. அரசுக்குச் சொந்தமான மரத்தை இரவோடு இரவாக வெட்டி, லாரி ஏற்றி விற்றுப் பணம் பார்த்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். கூலிக்கு வெட்டப் போனவர்களும், வெட்டவே போகாதவர்களும் ஊரில் இருந்தார்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வந்த வனத்துறையினருக்கும் ஊராருக்கும் தகராறு மூண்டு கைகலப்பானது. அன்றே பெரும் படை வந்தது. பின்னாளில் குற்றப்பத்திரிகையில் ஏறிய பெயர்களின் கணக்குப்படி வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர். ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். புதைத்து வைத்த கட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, இளம்பெண்கள் 18 பேரை மட்டும் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டு போனார்கள். அங்கே அவர்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளி மாணவி ஒருத்தியும் இருந்தாள். பிறகு அரூர் வனத்துறை அலுவலகத்தில் இரவெல்லாம் அடைத்து வைத்து, வழக்குப் போட்டு, சேலம் மத்திய சிறைக்கு அனுப்பினார்கள். சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஊரில் மிச்சமிருந்தது என்ன என்பதை, அந்த ஆகஸ்டில் நேரில் வந்து பார்த்த தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல அதிகாரி பாமதி அறிக்கையாக எழுதினார். வீடுகள் நொறுக்கப்பட்டிருந்தன. சேர்த்து வைத்த தானியத்தில் கண்ணாடித் துண்டுகள் கலக்கப்பட்டிருந்தன. கிணறுகள் பாழாக்கப்பட்டிருந்தன. திருட்டுக் கட்டையைத் தேடி வந்தவர்கள் கேழ்வரகில் எதற்குக் கண்ணாடியைக் கலந்தார்கள் என்ற ஒரு கேள்வி போதும், வந்தது சோதனைக்கு இல்லை என்று தெரிந்துகொள்ள.

அரசுத் தரப்பின் பதில் என்னவாக இருந்தது என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. முதல் நாளிலிருந்து கடைசி மேல்முறையீடு வரை அந்தப் பதில் ஒன்றுதான்: இது கடத்தல்காரர்களின் கிராமம், வழக்கிலிருந்து தப்பப் பொய்ப் புகார் கொடுக்கிறார்கள். கவனித்துப் பார்த்தால், நடந்தது என்ன என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை. நீங்கள் யார் என்ற எதிர்க்கேள்விதான் இருக்கிறது. ஏரிக்கரையில் நடந்ததைப் பற்றிக் கேட்டால், ஏரியில் புதைத்த கட்டையைப் பற்றிப் பேசினார்கள். புகார் தாமதமாக வந்தது என்றும் சொன்னார்கள். புகார் கொடுக்க வேண்டியவர்கள் சேலம் சிறையில் இருந்தார்கள், புகாரை வாங்க வேண்டியவர்கள் குற்றவாளிகளாக நின்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. பொறுப்புள்ள அரசு ஊழியர்கள் பட்டப்பகலில் கூட்டமாக இப்படிச் செய்வார்களா என்ற சந்தேகம் அன்றைக்குப் படித்தவர்களிடமும் எடுபட்டது. கடத்தல்காரர்கள் என்ற முத்திரை ஒருமுறை விழுந்துவிட்டால், அதற்குப் பின் நடப்பதெல்லாம் முத்திரைக்கு உரிய தண்டனையாகவே நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த முத்திரையைத் தாண்டி வழக்கை நகர்த்தியது எந்தத் துப்பாக்கி வீரனும் இல்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் அந்தப் பகுதிக்குப் போனபோது செய்தி அவர்கள் காதில் விழுந்தது. அச்சங்கத்தின் பெ. சண்முகம் போன்றவர்கள் ஊருக்குள் போய்ப் பேசினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னது. 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-யிடம் ஒப்படைத்தது. அதன் பிறகும் வாய்தா, இழுத்தடிப்பு, மிரட்டல். 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பு சொன்னார். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், எஞ்சிய 215 பேருக்குத் தண்டனை. வனத்துறையினர் 126, போலீஸார் 84, வருவாய்த் துறையினர் 5. பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக 17 பேரில் 12 பேருக்குப் பத்தாண்டு, ஐவருக்கு ஏழாண்டு. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் இன்னொரு பன்னிரண்டு ஆண்டு கிடந்தது. நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் நேரில் வாச்சாத்திக்குப் போய் ஊரையும் ஏரியையும் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் ஐந்து லட்சத்தைப் பாலியல் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றவே அதிகாரிகள் அரசின் துணையோடு இந்த நாடகத்தை ஆடினார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் நமக்குள் ஒரு திருப்தி எழுகிறது. பார்த்தீர்களா, அவர்கள் கடத்தல்காரர்களே இல்லை! கௌபாய் படத்தின் கடைசி ரீல் கிடைத்துவிட்டது. இந்தத் திருப்தியைத்தான் நான் சந்தேகப்படச் சொல்கிறேன். வாச்சாத்தி மக்களின் வெற்றி, அவர்கள் சந்தனத்தைத் தொட்டதே இல்லை என்று நிரூபித்ததால் வந்ததா? இல்லை. ஏரியில் கட்டை இருந்ததா, யார் புதைத்தது என்பது ஒரு வழக்கு. அந்த 18 பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பது இன்னொரு வழக்கு. முதல் வழக்கின் பதில் எதுவாக இருந்தாலும் இரண்டாவதின் பதில் மாறாது. ஊரில் ஒருவர் விடாமல் அத்தனை பேரும் சந்தனம் வெட்டியவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏரிக்கரையில் நடந்தது அதே குற்றம்தான், 269 பேரும் அதே குற்றவாளிகள்தான். இரண்டு வழக்குகளையும் பிரித்து வைக்கத்தான் அந்த வழக்கறிஞர்களும் சங்கத்தினரும் அத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். நாமோ தீர்ப்பைப் படித்துவிட்டு மறுபடியும் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம்.

கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே மலையிலேயே சாட்சி இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை மாவட்டத்தின் மலைக் கிராமத்தவர். சித்தேரி மலைக் கிராமங்களைச் சேர்ந்த தருமபுரிக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். கோடரியோடும் கற்களோடும் தாக்க வந்ததால் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றும், உடல்களுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகள் ஏற்கெனவே பறிமுதல் செய்யப்பட்டவை போலத் தெரிகின்றன என்றும் மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. இவற்றையெல்லாம் விசாரித்து உடைத்திருக்க வேண்டிய நேரத்தில் தமிழ்நாட்டில் நாம் எதைப் பேசினோம்? மரம் வெட்டத்தானே போனார்கள், தெரிந்துதானே போனார்கள், மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்களே, ஒரு கிலோவுக்கு இவ்வளவு கிடைக்குமாமே. எதிர்த்தரப்பில் பேசியவர்களும் அதே பொறியில்தான் மாட்டினார்கள். அவர்கள் கட்டட வேலைக்குப் போனவர்கள், பாவம் அப்பாவிகள் என்று நிறுவுவதிலேயே முழு மூச்சையும் செலவிட்டார்கள். மரம் வெட்டப் போனவர்களாகவே இருக்கட்டும், செம்மரம் வெட்டியதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் எங்கே தூக்குத் தண்டனை இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. வாச்சாத்திக்கு வந்ததைப் போல ஒரு தீர்ப்பு சேஷாசலத்துக்கு வரவில்லை. மாநில எல்லை, ஆட்சிகள், சாட்சிகள் என்று காரணங்கள் பல இருக்கலாம். அப்பாவியா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் நம் கோபம் கரைந்துபோனதும் அவற்றில் ஒன்று.

தமிழில் இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது, அதையும் நாம் இப்படித்தான் படித்திருக்கிறோம். சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டுப் பாண்டியன் ஆணையிட, விசாரணையே இல்லாமல் கோவலன் வெட்டுப்படுகிறான். கண்ணகி அரசவைக்கு வந்து சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப் பரல் தெறிக்கிறது, அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதால் வழக்கு முடிகிறது. நாம் பள்ளியிலிருந்தே மெய்சிலிர்த்துப் படித்த இடம். உடைந்த சிலம்பிலிருந்து முத்து தெறித்திருந்தால்? கோவலன் உண்மையிலேயே திருடியிருந்தால், பிடித்தவனைக் கேள்வி கேட்காமல் வெட்டியது சரியாகிவிடுமா? பாண்டியனின் பிழை ஆளை மாற்றிக் கொன்றதில் மட்டும் இல்லை, கேளாமல் கொன்றதில் இருக்கிறது. பட்டிமன்ற மேடைகளில் ஆயிரம் தலைப்புகளில் கண்ணகியைப் பேசியிருக்கிறோம். இந்தக் கேள்விக்கு ஒரு மேடையாவது போட்டிருக்கலாம்.

சினிமாவைப் போய் ஏன் இழுக்கிறீர்கள், கதைக்கு ஒரு நல்லவன் தேவை, ரசிகன் அவன் பக்கம் நிற்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 'ஜெய் பீம்' (2021) படத்தின் ராசாக்கண்ணு திருடாதவன் என்பதால்தான் கோடிக்கணக்கானோர் அவனுக்காக அழுதார்கள், அந்த அழுகை காவல் நிலைய வன்முறையைப் பற்றிப் பேச வைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படம் முடிந்து வெளியே வருகிறவரிடம், அவன் அந்த நகையை எடுத்திருந்தால் லாக்கப்பில் அடித்தது சரியா என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் வரும். நல்ல மேற்கத்தியப் படங்கள் இந்த இடத்தைத் தொடாமல் விடவில்லை என்பதுதான் வேடிக்கை. 'ஆக்ஸ்-போ' படத்தில் தூக்கிலேறும் மூவரில் ஆந்தனி க்வின் நடித்த மெக்சிகோக்காரன் சுத்தமான ஆள் இல்லை. வேறொரு கொலைக்காகத் தேடப்படும் சூதாடி என்று கூட்டத்தில் ஒருவன் அடையாளம் சொல்கிறான். சுடப்பட்ட பண்ணைக்காரரின் துப்பாக்கியும் அவனிடம்தான் இருக்கிறது. தப்பி ஓடப் பார்த்துக் காலில் குண்டு வாங்கி, அதைத் தானே கத்தியால் தோண்டி எடுத்துவிட்டு எகத்தாளமாக நிமிர்ந்து பார்க்கிறான். அவன் மேல் நமக்கு இரக்கம் வராமல் இருக்க எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுத்தான், அவனையும் தூக்கிலிடக் கூடாது என்கிறது படம். 'ஹேங் 'எம் ஹை' படத்திலும் மாடு திருடிய இளைஞர்கள் இருவர் வருகிறார்கள். திருடியது உண்மை, கொலையில் பங்கில்லை. அவர்களுக்காக ஈஸ்ட்வுட் வாதாடிப் பார்க்கிறார், நீதிபதி கேட்கவில்லை, பொதுமக்கள் கூடி வேடிக்கை பார்க்க இருவரும் தொங்குகிறார்கள். படத்தின் கனமான காட்சி அதுதான். ரசிகர்கள் நினைவில் வைத்துக்கொண்டதோ ஈஸ்ட்வுட்டின் கழுத்துத் தழும்பையும் பழிவாங்கலையும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் வனத்துறைப் பக்கமிருந்து வரும். காடு அழிந்தது உண்மையில்லையா, மலையிலிருந்து சந்தனம் காணாமல் போனது உண்மையில்லையா, பணியிலிருந்த எங்கள் ஆட்கள் செத்தது பொய்யா? பொய்யில்லை. 1991-ல் கர்நாடக வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸை வீரப்பன் தந்திரமாக வரவழைத்துக் கொன்றார். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் சிதறினார்கள். அந்தக் காலத்தில் சீருடையோடு காட்டுக்குள் போன கடைநிலைக் காவலருக்கு வீடு திரும்புவோமா என்ற பயம் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பயமும் கோபமும் யார் மேல் இறங்கின? வீரப்பனைத் தேடிய இரு மாநில அதிரடிப்படையின் அத்துமீறல்களை விசாரிக்க 1999-ல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைக்க வேண்டி வந்தது. அதன் அடிப்படையில் 2007-ல் 89 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. துப்பாக்கி வைத்திருந்தவன் 2004 அக்டோபரில் இதே தருமபுரி மாவட்டத்தின் பாப்பாரப்பட்டி அருகே சுடப்படும்வரை காட்டில் இருந்தான். துப்பாக்கி இல்லாதவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அடிபட்டுச் சிறைக்குப் போய் வந்துவிட்டார்கள். வீரப்பனைப் பற்றி எத்தனை படங்கள், தொடர்கள், புத்தகங்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாச்சாத்தியின் 18 பெண்களைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்காவது வந்திருக்கிறதா?

அப்படியானால் குற்றம் செய்தவனும் செய்யாதவனும் ஒன்றா, திருடனுக்கு வக்காலத்தா என்று கேட்பார்கள். இல்லை. திருட்டு வழக்கில் திருடினானா என்பதுதான் முழுக் கேள்வியும். அதற்குச் சாட்சி, நீதிமன்றம், தண்டனை எல்லாம் இருக்கின்றன. சந்தனம் வெட்டியவருக்கு வனச் சட்டப்படி தண்டனை கிடைக்கட்டும், வெட்டச் சொன்னவருக்கு முதலில் கிடைக்கட்டும். நான் சொல்வது, அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ச் சீருடைக்காரரின் வழக்கில் கேடயமாக நிறுத்தக் கூடாது என்பதை மட்டுமே. உத்தமருக்கு மட்டும் கிடைப்பது சலுகை, அதை நீதி என்று அழைக்க முடியாது. அதிலும் ஏழைக்கு உத்தமச் சான்றிதழ் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசிக்க வேண்டும். காட்டில் சுள்ளி பொறுக்கினாலே வழக்கு வரும் இடத்தில், சட்டத்தின் மேல் கால் படாமல் வாழ்ந்த மலைவாசி எத்தனை பேர் இருப்பார்?

கடைசியில் சட்டம்தானே வென்றது, பிறகென்ன புலம்பல் என்பது இன்னொரு வாதம். வென்றது என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஒரே வழக்கில் இத்தனை சீருடை ஊழியர்களைத் தண்டித்த தீர்ப்பு இந்த நாட்டில் அபூர்வம். ஆனால் அமர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கே பத்தொன்பது ஆண்டுகள், உயர் நீதிமன்றம் வரை முப்பத்தொரு ஆண்டுகள். 1992-ல் பள்ளி போய்க்கொண்டிருந்தவள் நாற்பது வயதைத் தாண்டிவிட்டாள். பின்னால் ஒரு சங்கமும் ஒரு கட்சியும் விடாமல் நின்றதால் இந்த வழக்கு பிழைத்தது. அப்படி யாரும் நிற்காத ஊர்கள் எத்தனை என்று எந்தத் தீர்ப்பும் சொல்லாது. இந்தத் தாமதத்தைக் காட்டியே, நீதிமன்றமா, இழுத்தடிப்பார்கள், அங்கேயே சுட்டுத் தள்ள வேண்டும் என்று இன்னொரு கூட்டம் கிளம்புகிறது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டபோது மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், திட்டமிட்டே சுட்டார்கள் என்றும், செத்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டறிந்ததாக 2022-ல் தெரியவந்தபோது பூத்தூவிய கைகள் எங்கேயும் காணோம். செத்த நால்வரும் அந்தக் கொடுமையைச் செய்தவர்களா என்பது இனி எந்த நீதிமன்றத்திலும் முடிவாகாது. சுட்டதால் அந்தப் பெண்ணுக்கான நீதியும் சேர்ந்தே செத்துவிட்டது என்பது பூத்தூவும்போது யாருக்கும் தோன்றவில்லை. ஏரிக்கரைக்குப் பெண்களை இழுத்துப் போனவர்களும் அன்று தங்களை ஷெரிஃபின் ஆட்களாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பெண்களுக்காகச் சுடும் துப்பாக்கிக்குக் கைதட்டுகிறவர்கள், அதே துப்பாக்கியை வைத்திருந்தவர்கள் வாச்சாத்தியில் பெண்களை என்ன செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

செய்தித்தாள்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 'பிரபல ரவுடி சுட்டுப் பிடிப்பு', 'கடத்தல் கும்பல் சிக்கியது' என்று தலைப்பிடும்போதே தீர்ப்பை நாமே எழுதிவிடுகிறோம். பிடிபட்டவர் பெயருக்கு முன்னால் எத்தனை வழக்குகள் என்று பட்டியல் போடுகிற நாம், அவரை எப்போது பிடித்தார்கள், எந்த மணிக்கு நடுவர் முன் நிறுத்தினார்கள், உடம்பில் காயம் இருந்ததா, பெண் என்றால் உடன் பெண் காவலர் இருந்தாரா என்ற நான்கு விவரங்களை எழுதுவதில்லை. 1992 ஜூன் மூன்றாம் வாரத்தில் அந்த நான்கு கேள்விகளை அரூரில் ஒரு நிருபர் கேட்டிருந்தால், வாச்சாத்தி வெளியே தெரிய அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

வாச்சாத்தித் தீர்ப்பைக் கொண்டாடுகிற தமிழ்நாட்டு அரசும் கட்சிகளும் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. சேஷாசலத்தில் செத்த 20 பேரும் இந்த மாநிலத்தின் குடிமக்கள். அவர்கள் மரம் வெட்டினார்களா என்ற விவாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவர்களைச் சுட்டது யார், எந்தச் சூழலில், யார் உத்தரவில் என்று ஒரு நீதிமன்றம் சாட்சிகளை வைத்துக் கேட்டாக வேண்டும். அதற்கான சட்டப் போராட்டத்தை, செலவையும் பாதுகாப்பையும் ஏற்று, மாநில அரசே முன்னின்று நடத்த வேண்டும். சித்தேரி மலைக் குடும்பங்களையும் முப்பத்தொரு ஆண்டுகள் காக்க வைக்காதீர்கள்.